ஆறு மாசம் ஆர்வில, ஆறு மாசம் வீட்ல: சீனியர் பாஸ் ரிவ்யூ
ரிட்டயர் ஆனப்புறம் வீட்டை வித்துட்டு முழுநேரமா ஆர்வில, அதாவது படுக்கை, சமையல் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டில, சுத்த எங்களுக்கு மனசு வரல, மிச்சிகன் வீடு அப்படியே இருக்கு, நவம்பர்ல தண்ணி மெயின் வால்வை மூடிட்டு குழாய்ல கடைசி சொட்டு வடியுற வரைக்கும் என் வீட்டுக்காரர் பக்கத்துலயே நிப்பார், அப்புறம்தான் தெற்க பாத்து கிளம்புவோம். ஆள் இல்லாத வீட்டுக்கும் டாக்ஸ், இன்சூரன்ஸ் கட்டியே ஆகணும், அதனால ரோட்ல மிச்சம் பிடிக்கிறது ரொம்ப முக்கியம். அதுக்கு பெரியவங்களுக்குன்னு இருக்கிற இந்த அமெரிக்க நேஷனல் பார்க் சீனியர் பாஸ் மாதிரி உருப்படியானது வேற இல்லங்க! 62 வயசு ஆகியிருக்கணும், சிட்டிசன்ஷிப் இல்லன்னா கிரீன்கார்டு, 80 டாலர், ஆயுசுக்கும் ஒரே தடவை. வண்டில கூட வர்றவங்களுக்கும் என்ட்ரி ஃப்ரீ. அதைவிட பெருசு, ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸோட (அமெரிக்க ராணுவத்தோட இன்ஜினியரிங் பிரிவு) ஏரிக்கரை கேம்ப்கிரவுண்ட்ல வண்டி நிறுத்தி தங்குற சைட்டோட வாடகை பாதிதான். தனியார் எடுத்து நடத்துற சில இடத்துல மட்டும் தள்ளுபடி கிடையாது, புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.