அப்பாவின் கடைசி ஐந்து வாரங்களும் வீடு தேடி வந்த அந்திமகாலப் பராமரிப்பும்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நான்கறை வீட்டில், நுரையீரல் புற்றுநோயோடு என் தந்தையார் கழித்த கடைசி ஐந்து வாரங்களில், முதலில் வாரத்துக்கு ஒரு முறையும் இறுதியில் நாள்தோறுமாக வந்துபோன இல்ல அந்திமகாலப் பராமரிப்புச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. அமைப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே குடும்பத்தின் அனுபவத்தைக் கொண்டு ஓர் அறநிறுவனத்துக்கு மதிப்பெண் போடுவது நியாயமாகாது. குறைகளை மனம்விட்டு எழுதவும் இதுவே வசதி.

மருத்துவமனையில் ‘ஹாஸ்பிஸ்’ (அந்திமகாலப் பராமரிப்பு) என்ற சொல் காதில் விழுந்தபோது, இனி தாதி ஒருவர் வீட்டோடு இருந்து அப்பாவைக் கவனித்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று என் அத்தை நினைத்தார். இரண்டுமே தவறு. தாதி வந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருப்பார். வாரத்தின் மற்ற மணி நேரமெல்லாம், குறிப்பாக இரவெல்லாம், குடும்பத்தாரின் பொறுப்பு. அந்த நேரத்தைப் பதறாமல் கடப்பதற்கு நம்மைப் பழக்கிவிடுவதுதான் இவர்களுடைய உண்மையான வேலை என்பது எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் விளங்கியது.

சிங்கப்பூரில் இத்தகைய பராமரிப்பு 1985இல், செயின்ட் ஜோசஃப்ஸ் இல்லத்தில் கனோசியன் கன்னியாஸ்திரிகள் 16 படுக்கைகளை ஒதுக்கியதிலிருந்து தொடங்குகிறது. வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் எச்சிஏ அமைப்பு 1989இல் உருவானது. வீட்டைவிட்டு வந்து தங்கிப் பராமரிப்புப் பெற விரும்புவோருக்கு அசிசி, டோவர் பார்க் போன்ற நிலையங்கள் இருக்கின்றன. அப்பா அதற்கு இசையவில்லை. லியன் அறநிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 77 விழுக்காட்டினர் வீட்டிலேயே உயிர் பிரிய வேண்டும் என்று விரும்பியதாகப் படித்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் தயங்காமல் சேர்ந்திருக்கக்கூடியவர் அவர். “என் கட்டில், என் சன்னல், அவ்வளவுதான்” என்றார். மருத்துவமனை மரணங்களை 61 விழுக்காட்டிலிருந்து 51க்குக் குறைக்கச் சுகாதார அமைச்சு இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கின் சுமை யாருடைய தோளில் விழுகிறது என்பதை, இரவு மூன்று மணிக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு அமைந்த தாதி ஒரு மலாய்ப் பெண்மணி. பாலர் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அம்மா, அந்தக் காலத்து வழக்கப்படி அவரை ‘மிஸ்ஸி’ என்று அழைத்து, தம் பழைய சந்தை மலாயில் பேசினார். அந்த மொழிதான் எங்களைக் காப்பாற்றியது என்பேன். ஏனென்றால் வீட்டில் எழுந்த பெரிய சண்டை வலியைப் பற்றியதன்று, சாப்பாட்டைப் பற்றியது. அப்பா இரண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் வாங்க மறுத்தார். அம்மா விடிந்ததும் கஞ்சி, பத்து மணிக்கு சூப், மதியம் குழைந்த சோறு என்று வைத்துக்கொண்டே இருந்தார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், “பட்டினி போட்டா அனுப்புறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு உறக்கமே இல்லை. தாதி அதற்கு விரிவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. சாப்பிடாததால் உடல் ஓயவில்லை, உடல் ஓய்வதால்தான் பசி போய்விட்டது, இந்த நிலையில் வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்று மெதுவாக, இரண்டு முறை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு, “அங்கிளுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டார். இஞ்சி போட்ட தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர். ஆறவைத்து எடுத்து வரச் சொல்லி, குச்சியின் நுனியில் இருந்த சிறு பஞ்சை அதில் தோய்த்துப் பிழிந்து, அப்பாவின் உதட்டையும் நாக்கையும் நனைத்தார். இரண்டு நாளாக வாய் திறக்காதவர் அந்தப் பஞ்சைச் சப்பினார். அன்றிலிருந்து கஞ்சிப் பாத்திரம் அடுப்பில் ஏறவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மா தே தாரிக்கோடு போய் உட்கார்ந்துகொண்டார். ஊட்டுகிற வேலையை அவரிடமிருந்து பறிக்காமல் வேறொன்றாக மாற்றிக் கொடுத்ததற்காகவே இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

வலி தணிக்கும் மார்ஃபின் விஷயத்திலும் இதே பொறுமையைக் கண்டேன். மார்ஃபின் என்றாலே ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. மருந்துக் குப்பியை அத்தை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்தே வைத்துவிட்டார். சிறு அளவில் தொடங்கி, வலியைக் கணக்கிட்டுப் படிப்படியாகக் கூட்டும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை என்பதையும், மூச்சுத் திணறலையும் அதுவே தணிக்கும் என்பதையும், மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கான மருந்தைக் கூடவே தர வேண்டும் என்பதையும் தாதி விளக்கினார். நேரம், அளவு, வலி பத்துக்கு எத்தனை என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் வைக்கச் சொன்னார். மேசை விசிறியை அப்பாவின் முகத்துக்கு நேரே திருப்பிவைக்கச் சொன்னபோது, சளி பிடிக்குமே என்று அம்மா தடுத்தார். முகத்தில் காற்றுப் பட்டால் திணறல் தணிவதை அன்று மாலையே கண்ணால் பார்த்தோம். கடைசி நான்கு நாள்களில், விழுங்க முடியாமல் போனதும், தோலுக்கடியில் மெல்லிய குழாய் வழியாக 24 மணி நேரமும் மருந்தைச் செலுத்தும் சிறிய மின்கலப் பம்பைப் பொருத்தினார்கள். அம்மா தம் பழைய ரவிக்கைத் துணியில் அதற்கு ஒரு பை தைத்தார்.

காற்று மெத்தை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் இயந்திரம் ஆகியவற்றை இரவல் தந்தார்கள். வருகைகளுக்குக் கட்டணம் வாங்கவில்லை. மின்கட்டணம் ஏறியது, அவ்வளவுதான்.

குறைகளுக்கு வருகிறேன். 24 மணி நேரத் தொலைபேசி எண் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். ஆனால் ஒரு சனிக்கிழமை பின்னிரவில் அப்பாவுக்குத் திணறல் கூடியபோது, பேசியவரிடம் நோயாளி விவரம் கைவசம் இல்லை. பெயர், நோய், மருந்து என எல்லாவற்றையும் நான் முதலிலிருந்து ஒப்பித்தேன். திரும்ப அழைக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தை நோட்டுப் புத்தகத்தின் துணையோடு கடத்தினோம் என்றாலும், அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அடுத்து, ஒரு புதன்கிழமை விடியலில் அப்பா போனபோது, அந்த நேரத்தில் தங்கள் மருத்துவர் வர இயலாது என்றும், மரணத்தை உறுதிப்படுத்தத் தனியார் மருத்துவரை அழைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள். அதற்கு ஆன செலவைவிட, இப்படியும் நேரலாம் என்று முன்பே சொல்லாததுதான் வருத்தம். (2022 மே 29 முதல் மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததும் மரணம் தானாகவே பதிவாகிவிடுகிறது, எங்கும் அலைய வேண்டியதில்லை. அடையாள அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் பக்கமும் ஒரு தவறு இருந்தது. ஓராண்டுக்குள் ஆயுள் முடியலாம் என்று மருத்துவர் கருதினாலே இந்தச் சேவைக்கான பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடலாம். நாங்களோ, ‘ஹாஸ்பிஸ்’ என்ற சொல்லைக் கேட்டால் அப்பா உடைந்துபோவார் என்று நான்கு மாதம் மறைத்தோம். சமூகப் பணியாளர் முதல் நாளே அவரிடம், “உங்கள் உடல்நிலையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டபோது, “எல்லாம் தெரியும், இவர்களுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை” என்றார்.

மூன்றாவது குறை தமிழ்த் துண்டறிக்கை. இறுதி நாள்களில் என்னென்ன நேரும் என்று விளக்கும் அந்தத் தாளை அம்மா சிவப்பு மை தேடும் முகத்தோடு படித்தார். ‘சுவாசச் சுரப்பு ஒலி நிகழ்வு’ என்று ஒரு வரி. தொண்டையில் சளி நின்று கரகரக்கும், பக்கவாட்டில் படுக்க வைத்தால் குறையும், அதனால் அவருக்கு வேதனை இல்லை என்று தாதி மலாயில் சொல்லியிருந்ததால் மட்டுமே, அந்த ஒலி வந்த இரவில் நாங்கள் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் சமூகப் பணியாளர் அழைத்து நலம் விசாரித்தார். இந்த மூன்று குறைகளையும் கடிதமாக எழுதி, சிறு நன்கொடையோடு அனுப்பினேன். சனிக்கிழமைத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார்கள். துண்டறிக்கையைத் திருத்தித் தர முடியுமா என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள். பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார், முதல் பக்கத்தில் பாதி வரிகளை அடித்துவிட்டார்.