மெட்லர் வைக்கணும்னா நாட்டிங்ஹாமா, டச்சா?

மெட்லர்ங்கறது ஆப்பிள் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழ மரம். அதை வைக்கலாம்னு இருக்கறவங்க பெரும்பாலும் குழம்பறது இந்த ரெண்டு ரகத்துலதான். நாட்டிங்ஹாம் கொஞ்சம் நிமிர்ந்து அடக்கமா வளரும், பழம் சின்னது, ஆனா ருசி அதுலதான் தூக்கல். டச்சு கிளையெல்லாம் தொங்கி நல்லா அகலமா விரியும், பழமும் பெருசு, சதை எடுக்க ஈஸி, பாக்கவும் செம அழகு. சின்ன தோட்டம்னா யோசிக்காம நாட்டிங்ஹாம் போங்க, ருசிக்காக நான் எப்பவும் அது பக்கம்தான்.

ரெண்டுமே தனி மரமாவே காய்க்கும், ஜோடி தேவையில்ல.

எதை வச்சாலும் பறிச்ச உடனே கடிச்சுடாதீங்க, வாயெல்லாம் துவர்த்து இழுத்துக்கும்! இலையுதிர் காலம் முடியுற நேரத்துல பறிச்சு, காம்பு மேல பாக்கற மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கி, குளுமையான எடத்துல ரெண்டு மூணு வாரம் விட்டீங்கன்னா உள்ள பிரவுனா கொழகொழன்னு ஆயிடும், பாக்க அழுகிப்போன மாதிரிதான் இருக்கும் ஆனா அப்பதான் சாப்பிடணும், பேரீச்சம்பழத்தையும் ஆப்பிளையும் சேர்த்து மசிச்ச மாதிரி ஒரு டேஸ்ட். டச்சுல பழம் பெருசுங்கறதால ஸ்பூன்லயே வழிச்சு சாப்பிட்டுடலாம். ஜெல்லி போடறதா இருந்தா ரெண்டுல எதுன்னாலும் இன்னும் கொழகொழன்னு ஆகாத கெட்டியான பழத்தையும் கொஞ்சம் சேத்துக்கோங்க, ஜெல்லியை இறுக வைக்கற பெக்டின் அதுலதான் ஜாஸ்தி, இல்லன்னா ஜெல்லி சரியா செட் ஆகாது.