கழற்றி மாட்டும் கெண்டைக்கால் மாதிரி: வாங்கலாமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெண்டைக்காலின் மேல்தசைகளைப் படிக்க இந்த மாதிரி அருமை. ஆழத்தில் இருப்பவற்றைப் படிக்க சுமார். தசைகளுக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் எப்படிப் புகுந்து போகின்றன என்று பார்ப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான். பிசியோதெரபி மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவன் என்பதால் எனக்கு அந்த மூன்றாவது விஷயம்தான் முக்கியம். அதனால் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன்.

பொருள் இதுதான்: தொடை எலும்பின் கீழ்முனையில் தொடங்கி கால்விரல் நுனி வரை, நிஜ அளவில், கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த கால். தோல் கிடையாது. தசைகளைக் கழற்றி மாட்டலாம், சில முளைகளில் பொருந்துகின்றன, சில காந்தத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள், வழக்கமான வண்ணங்கள்தான். ஒவ்வொரு பாகத்திலும் சின்னதாக ஓர் எண் இருக்கிறது, எந்த எண் எது என்று சொல்ல ஓர் அட்டையும் வருகிறது.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். பின்பக்கம் ஆடுசதையைச் செய்தவர் நிஜமான காலைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். ஆடுசதையில் மேலாக இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் தசையின் இரண்டு தலைகளில் உள்பக்கத் தலை பெரியது, வெளிப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே வரைக்கும் இறங்கும். மலிவான மாதிரிகளில் இரண்டையும் ஒரே அளவில் அச்சுப்போட்டு வைத்திருப்பார்கள், இதில் அந்த ஏற்றத்தாழ்வு சரியாக வந்திருக்கிறது. விளையாடும்போது திடீரென்று யாரோ பின்னாலிருந்து காலில் அடித்ததுபோல இருந்தது என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிழிந்திருப்பது இந்த உள்பக்கத் தலை தசைநாணோடு சேரும் இடம்தான், அதை விரலை வைத்தே காட்ட முடிகிறது. தொடை எலும்பின் முனையும் சேர்ந்து வருவதால் இந்தத் தசை முழங்காலுக்கு மேலேயே தொடங்குகிறது என்பதும் கண்ணெதிரே தெரியும். அதைக் கழற்றினால் கீழே சோலியஸ், அது முழங்காலைத் தாண்டுவதே இல்லை. முழங்காலை மடக்கி வைத்து எம்பினால் காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்து போய் வேலையில் பெரும்பங்கு ஏன் சோலியஸ் தலையில் விழுகிறது என்று விளக்க இதற்குமேல் எதுவும் தேவையில்லை, ஒரு தசையைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் காட்டினால் முடிந்தது.

இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடாக பிளான்டாரிஸின் நாணையும் வைத்திருக்கிறார்கள். சிலருக்கு இந்தத் தசையே இருக்காது, இருந்தாலும் அதன் பங்கு சொற்பம். பிணக்கூறாய்வு மேசையில் முதல்முறை பார்ப்பவர்கள் அந்த நீளமான நாணை நரம்பு என்றே நினைப்பார்கள். இங்கே வெள்ளையடித்துவிட்டதால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை, எனக்கு அதில் சின்ன வருத்தம்கூட உண்டு, ஒருமுறை குழம்பினால்தானே மறக்காது.

கணுக்காலின் உள்பக்கமும் சுத்தமாக இருக்கிறது. எலும்பு முட்டுக்குப் பின்னால் முன்னிருந்து பின்னாக டிபியாலிஸ் போஸ்டீரியர் தசையின் நாண், அடுத்து நான்கு விரல்களை மடக்கும் நாண், அடுத்து தமனியும் சிரையும், அடுத்து டிபியல் நரம்பு, கடைசியில் பெருவிரலை மடக்கும் நாண். இந்த வரிசையை மனப்பாடம் செய்யாமல் யாரும் தேர்வு எழுதியதில்லை. மாதிரியில் இவை ஒவ்வொன்றும் தனியாகப் புடைத்து நிற்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எண்ணலாம். முட்டுக்கும் குதிகால் நாணுக்கும் நடுவே நாடி பார்க்கும்போது விரலுக்குக் கீழே எது இருக்கிறது என்று இதை வைத்துக் காட்டியபிறகு மாணவர்கள் தங்கள் காலிலேயே தேடிப் பிடித்துவிடுகிறார்கள்.

சரி, இனி குறைகள்.

வெளிப்பக்கம், ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைந்து வரும் பெரோனியல் நரம்பைத்தான் முதலில் பார்த்தேன், யார் மாதிரி விற்றாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லாமல் நரம்பு போகும் இடம் அது. இறுக்கமான மாவுக்கட்டு, அங்கே ஓர் எலும்பு முறிவு, நீண்ட நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்வது, எதுவானாலும் நரம்பு அடிவாங்கும், பாதத்தைத் தூக்க முடியாமல் விரல்கள் தரையில் உரசும். வளைவு வரை மஞ்சள் கோடு அழகாக வருகிறது. அதற்கப்புறம் என்ன ஆகிறது? நிஜத்தில் நரம்பு பெரோனியஸ் லாங்கஸ் தசைக்குள் நுழைந்து இரண்டாகப் பிரியும். மேல்கிளை வெளிப்பக்கத் தசைகளோடு இறங்கி, காலின் கீழ்ப்பகுதியில் ஃபேசியாவை, அதாவது தசைகளைச் சுற்றியிருக்கும் உறுதியான நார்ச்சவ்வை, துளைத்துத் தோலுக்கு வரும். ஆழ்கிளை தசைகளுக்கு நடுவே உள்ள தடுப்பைத் துளைத்து முன்பக்கத்துக்குப் போய் பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்கும், பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே உள்ள சின்னத் தோல்பரப்பின் உணர்ச்சியையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. மாதிரியில் பெரோனியஸ் லாங்கஸைக் கழற்றினால் நரம்பின் ஒரு துண்டு தசையோடு கையில் வந்துவிடுகிறது, மீதித் துண்டு எலும்பிலேயே நிற்கிறது, பிரியும் இடம் சரியாக அந்த வெட்டில் காணாமல் போகிறது. பார்க்க வேண்டிய ஒரே இடத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள்.

முன்பக்கத் தமனியும் அதே கதை. முழங்காலுக்குப் பின்னால் வரும் பெரிய தமனி பாப்ளிடியஸ் தசையின் கீழ் விளிம்பில் பிரிகிறது, அதுவரை மாதிரி சரிதான். அதில் ஒரு கிளை இரு எலும்புகளுக்கும் நடுவே இருக்கும் சவ்வின் மேல்பக்க இடைவெளி வழியாக முன்னால் வர வேண்டும். இதில் அந்தச் சவ்வும் இல்லை, இடைவெளியும் இல்லை. பின்னால் சிவப்பு ஓர் இடத்தில் முடிகிறது, முன்னால் இன்னோர் இடத்தில் சிவப்பு தொடங்குகிறது, அங்கிருந்து பாதத்தின் மேல்புறம் வரைக்கும் சுவரில் ஆணியடித்து ஓட்டிய ஒயர் மாதிரி நேராக இறங்குகிறது. டிபியாலிஸ் ஆன்டீரியருக்கும் பக்கத்துத் தசைகளுக்கும் இடையே சவ்வின்மேல் ஒட்டிக்கொண்டு ஆழத்தில் போகிற குழாய் அது, கணுக்கால் பக்கம் வந்தபிறகுதான் மேலே தெரியும். இங்கே ஆரம்பத்திலிருந்தே வெளியில் நிற்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மாணவர்கள் தப்பு என்று சொல்வது உண்மையில் சரி. வெளிப்பக்கத்தில் சிவப்புக் கோடே இல்லையே, விட்டுவிட்டார்களா என்று கேட்பார்கள். விடவில்லை. அந்தப் பகுதிக்கென்று தனியாக ஓடும் பெரிய தமனி கிடையாது, பெரும்பாலும் பின்னால் இருக்கும் பெரோனியல் தமனியின் கிளைகள் தடுப்பைத் துளைத்துக்கொண்டு வந்து ரத்தம் கொடுக்கின்றன. ஆனால் அந்தப் பெரோனியல் தமனியையே சின்ன மொட்டையாக விட்டுவிட்டது மன்னிக்க முடியாதது. தாடை எலும்பை வெட்டி எடுத்தவர்களுக்கு ஃபிபுலாவிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வைக்கும் அறுவை சிகிச்சையே எலும்போடு இந்தத் தமனியையும் சேர்த்து எடுப்பதை நம்பித்தான் நடக்கிறது.

ஆழத்துத் தசைகளை ஒரே கட்டியாக வார்த்துவிட்டார்கள், மேலே கோடு போட்டு வண்ணம் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பெருவிரலை மடக்கும் தசை தொடங்குவது வெளிப்பக்கம், ஃபிபுலாவில். மற்ற விரல்களை மடக்குவது தொடங்குவது உள்பக்கம், டிபியா என்ற பெரிய எலும்பில். அதாவது போக வேண்டிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இரண்டும் கிளம்புகின்றன, அதனால் பாதத்தின் அடியில் ஒன்றையொன்று குறுக்கே தாண்டியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவே எல்லாவற்றுக்கும் அடியில் டிபியாலிஸ் போஸ்டீரியர் கிடக்கிறது. இதைத் தனித்தனியாகக் கழற்றிப் பார்த்தால் ஒரே பார்வையில் புரியும். கட்டியாக இருந்தால் பழையபடி படத்தைத்தான் தேட வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஃபேசியா இல்லாதது. கெண்டைக்கால் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கிறது: முன், வெளிப்பக்கம், பின்னால் மேலோட்டமாக ஒன்று, ஆழமாக ஒன்று. சுவர்கள் எலும்பும் சவ்வும் நீளாத ஃபேசியாவும். எலும்பு முறிந்தோ நசுங்கியோ உள்ளே வீங்கினால் சுவர் விட்டுக்கொடுக்காது, அழுத்தம் ஏறி தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் நின்றுபோகும். காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, விரலை நாம் நீட்டிவிடும்போது துடிக்கும் வலி, இதெல்லாம் அபாய அறிகுறி, பாதத்தில் நாடி தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் நாடி கடைசி வரைக்கும்கூடத் தெரியலாம். சில மணி நேரத்துக்குள் அறையைத் திறந்துவிடாவிட்டால் தசை செத்துப்போகும். காலின் அமைப்பில் உயிரும் காலும் சம்பந்தப்பட்ட பாடம் இதுதான், சுவரே இல்லாத மாதிரியை வைத்து இதை நடத்தச் சொல்கிறார்கள்! நான் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி தசைகளுக்கு நடுவே செருகிச் சமாளிக்கிறேன். காந்தத் தசைகள் அதைத் தாங்குகின்றன, முளைத் தசைகள் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன.

சிரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோல் இல்லாததால் கணுக்காலின் உள்முட்டுக்கு முன்னால் ஏறும் பெரிய சஃபீனஸ் சிரையும் இல்லை, கூடவே வரும் நரம்பும் இல்லை. வீங்கிச் சுருண்ட நாளங்களைப் பற்றிப் பேச இது உதவாது. ஆழத்தில் தமனிக்கு இருபுறமும் ஜோடியாகப் போகவேண்டிய சிரைகளுக்குப் பதில் ஒரே நீலக்கோடு.

அட்டையில் பெரோனியஸ் என்ற பழைய பெயரே இல்லை, எல்லாம் ஃபிபுலாரிஸ்தான், பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். எண்கள் வண்ணத்தின்மேல் அச்சிடப்பட்டவை, அடிக்கடி கை படும் காஸ்ட்ராக்னீமியஸில் ஏற்கெனவே மங்கிவிட்டன. முளைகள் கொஞ்சம் இறுக்கம், அவசரமாக இழுத்தால் உடையும் என்று தோன்றுகிறது. தனியாக மாற்று முளை தருவார்களா என்று கேட்டதற்கு பதில் வரவில்லை.

வீட்டில் படிக்கும் முதலாண்டு மாணவருக்கோ, நோயாளியிடம் தசையைக் காட்டி விளக்கும் பிசியோதெரபிஸ்டுக்கோ தாராளமாக வாங்கலாம். வகுப்புக்கு என்றால் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆழத்துத் தசைகள் தனித்தனியாகக் கழலுமா, எலும்புகளுக்கு நடுவே சவ்வும் அதில் தமனி நுழையும் இடைவெளியும் உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றால் கெண்டைக்காலின் நடுவே வெட்டிய ஒரு நல்ல குறுக்குவெட்டுப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள், நான்கு அறைகளும் அவற்றின் நரம்பும் குழாயும் அதில்தான் ஒழுங்காகத் தெரியும்.