வார்கிராஃப்ட் 3: 50-ஐத் தாண்டுமுன் யோசியுங்கள்
புதுச்சேரியில் பழைய கம்ப்யூட்டர் இரண்டை லேனில் (உள் வலையமைப்பில்) இணைத்து ஆட, படை திரட்டிப் போரிடும் வார்கிராஃப்ட் 3 கணினி விளையாட்டுக்கு 2003-இல் வந்த ஃப்ரோசன் த்ரோன் விரிவாக்கம் இன்றும் தாராளமாகப் போதும். கிராஃபிக்ஸ் பழசுதான், ஆட்டம் பழசாகவில்லை.

மனிதர் படை எடுத்தால் தங்கச் சுரங்கத்துக்கு 5 பேர். ஆறாவது ஆள் வாசலில் வரிசையில் நிற்பான், அவனை மரம் வெட்ட அனுப்புங்கள். புதியவர்கள் சறுக்குவது பராமரிப்புச் செலவில், அதாவது படை பெருகினால் வரும் தங்கத்தில் கழிக்கப்படும் பங்கில். உணவுக் கணக்கு (ஆட்களும் படையும் சேர்ந்து எடுக்கும் உணவின் அளவு) 50 வரை, ஓர் ஆள் ஒருமுறை சுமக்கும் 10 தங்கமும் முழுசாகச் சேரும். 51 முதல் 80 வரை 7தான். அதற்கு மேல் வெறும் 4! அதனால் 50-இல் நின்று, ஆயுத மேம்பாட்டை முடித்துவிட்டு, அடிக்கப் போகும் நேரத்தில் மட்டும் தாண்டுங்கள்.

க்ரீப்கள் (எந்தப் பக்கமும் சேராமல் வரைபடத்தில் ஆங்காங்கே நிற்கும் உயிரினங்கள்) பல இரவில் தூங்கும். அப்போது பக்கத்தில் பதுங்கிப் போகலாம். உங்கள் படையை நடத்தும் ஹீரோ 5-ஆம் நிலையை எட்டியதும் அவற்றைக் கொன்று அனுபவப் புள்ளி சேராது.