கூரைத் தகரத்துக்கு பெயின்ட் வாங்கப் போறவங்க கவனம், எனக்கு 68,500 ரூபா போச்சு

நேத்து பேஞ்ச மழையில மிச்சமிருந்த பெயின்டும் உரிஞ்சி, கூரைத் தண்ணி ஓடுற பீலிய அடைச்சிக்கிச்சி, அந்த ஆத்திரத்துலதான் எழுதுறேன்.

ஹட்டன் பக்கம் டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கட, பேர் போடல. மொதலாளிகிட்ட தெளிவா சொன்னேன், "அண்ணே, புது கல்வனைஸ் தகரம், எங்க பக்கம் மழையும் பனியும் ஜாஸ்தி"ன்னு. அவரு பையன விட்டு பிளேன்டி வாங்கியாரச் சொல்லி, "தம்பி, ஒங்க அப்பா காலத்துல இருந்து நம்ம கடையில கணக்கு, ஒங்களுக்குப் போயி பொய் சொல்லுவேனா, இது ஆன்டி கொரோசிவ், துரு பிடிக்காம அடியில அடிக்கிற ப்ரைமர், இத அடிச்சி மேல எனாமல் ரெண்டு கோட் குடுத்தா பத்து வருஷத்துக்கு கூரைப் பக்கம் ஏறத் தேவயில்ல"ன்னாரு. அப்பா பேச்ச எடுத்தா யாருக்குத்தான் மனசு எளகாது. ப்ரைமர், எனாமல், தின்னர் எல்லாம் சேத்து 68,500. பெயின்ட் அடிச்ச பாஸுக்கு குடுத்த கூலி வேற.

பெப்ரவரியில அடிச்சது. ஜூன் மழ தொடங்கினதும் கொப்புளம், அப்புறம் வெங்காயத் தோல் மாதிரி கழண்டு வருது, அடியில தகரம் பளபளன்னு இருக்கு. ப்ரைமர் பிடிக்கவே இல்ல!

கேக்கப் போனா "பாஸ் மழையில அடிச்சிருப்பான்". பெப்ரவரியில எங்கய்யா மழ? அப்புறம் "கம்பனி ரெப் வந்து பாப்பாரு". வரல. போன் எடுத்தா "மொதலாளி கொழும்புக்கு போயிட்டாரு"ங்குறான், பின்னால அவரு கொரலே கேக்குது. கடைசியில "தொறந்த டின்ன திருப்பி எடுக்க மாட்டோம்"னு ஒரு பதில். டின்ன யாரு கேட்டா, என் 68,500 ரூபாவக் கேட்டேன். அதுக்கு மேல இப்ப எபொக்சின்னு இன்னொரு பெயின்ட் வாங்கி அடிக்கச் சொல்றாரு, வெயில் பட்டா எபொக்சி மேல்பரப்பு தூளா உதிரும்னு தெரிஞ்சேதான் சொல்றாரு போல.

கொழும்புல பெயின்ட் வேல செய்ற மச்சானுக்கு ப்ரைமர் டின் போட்டோ அனுப்பினேன். அது இரும்புக்கு அடிக்கிற ரெட் ஒக்சைட்டாம். கல்வனைஸ் தகரத்துல மேல இருக்கிறது நாகம்ங்குற சிங்க் பூச்சு, எண்ணெய் கலந்த பெயின்ட் அதுல நேரா பட்டா அடியில சவர்க்காரப் படை உண்டாகி, ஈரம் பட பட விட்டுப் போகுமாம். தகரத்த லேசா அரிச்சி பிடிக்கிற எட்ச் ப்ரைமர், இல்லாட்டி கல்வனைஸுக்குன்னே வார ப்ரைமர்தான் அடிக்கணுமாம். கட நடத்துற மனுசனுக்கு இது தெரியாதா?

டின்ல எதுக்கு அடிக்கிறதுன்னு போட்டிருக்கும், காச குடுக்க முந்தி வாசிங்க. பில்லுல பெயின்ட் பேர எழுதி வாங்குங்க, எனக்கு தொகைய மட்டும் கிறுக்கின துண்டுதான் குடுத்தானுவ. பில் தரமாட்டேன்னா நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977ங்குற நம்பருக்கு போன் அடிங்க. எந்தக் கடைன்னு இன்பொக்ஸ்ல கேக்காதீங்க, கம்ப்ளைன் முடியட்டும்.