எட்டாவது ஜெனரேஷன் என்று ஸ்டிக்கர் ஒட்டிய லப்டொப்

திருகோணமலையில் பாவித்த லப்டொப் வாங்க யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். போன மாதம் 92,000 ரூபா கொடுத்து ஏமாந்துவிட்டேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். கிழமையில் மூன்று நாள் கிண்ணியா, மூதூர் என்று பஸ்ஸில் அலைய வேண்டும். பழைய லப்டொப் இரண்டரைக் கிலோ, தோள் நோவு தாங்கவில்லை. அதனால்தான் ஒன்றேகால் கிலோ அளவில், சின்னத் திரையோடு வரும் ஒஃபிஸ் லப்டொப் ஒன்றைத் தேடினேன். புதிதாக வாங்க வசதி இல்லை. வெளிநாட்டுக் கம்பனிகள் சில வருசம் பாவித்துக் கழித்தவை இங்கே விற்பனைக்கு வருகின்றன. கீபோர்டும் பொடியும் நல்ல உறுதி. அப்படி ஒன்றை வாங்க நினைத்தது பிழை என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் அன்பாகத்தான் கதைத்தார். “தங்கச்சி, இது ஐ5 எட்டாவது ஜெனரேஷன். விண்டோஸ் 11 ஓடும். பற்றரி நாலு மணித்தியாலம் நிற்கும்.” ஐ5 என்பது இன்டெல் கம்பனியின் புரொசெசர், லப்டொப்பின் மூளை மாதிரி. ஜெனரேஷன் என்பது அது எத்தனையாவது தலைமுறை என்பது. கைவைக்கும் இடத்தில் அதையே சொல்லும் ஸ்டிக்கர் ஒன்று பளபளத்தது. சுற்றியுள்ள பகுதியெல்லாம் தேய்ந்து வழுவழுவென்றிருக்க, ஸ்டிக்கரில் மட்டும் ஒரு கீறலும் இல்லை. காட்டி முடியும்வரை சார்ஜரை அவர் கழற்றவே இல்லை.

அடுத்த கிழமை மூதூரில் ஒரு கடையில் இருப்புக் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பற்றரி 38 சதவீதம் காட்டியது. அப்படியே திரை இருண்டுவிட்டது. அரைநாள் வேலையில் பாதி போய்விட்டது. கடை ஐயா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரவு வீட்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மெனேஜரைத் திறந்தேன். ‘பெர்ஃபோமன்ஸ்’ பக்கத்தில் ஐ5-7300யூ என்று இருந்தது. கோர், அதாவது புரொசெசருக்குள் வேலை செய்யும் அலகு, இரண்டு. ஐ5-க்குப் பின்னால் இப்படி நான்கு இலக்கம் வந்தால், முதல் இலக்கம்தான் ஜெனரேஷன். 7 என்றால் ஏழாவது. எட்டாவது என்றால் ஐ5-8250யூ, 8350யூ போல இருக்கும், அவற்றில் கோர் நான்கு. ஒரு இலக்கம்தானே என்று விடக்கூடிய விசயம் இல்லை இது. இன்டெலில் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாவதிலிருந்துதான். ஏற்றும்போது விண்டோஸ் புரொசெசரைச் சோதித்துப் பார்க்கும்; என்னுடையதில் அந்தச் சோதனையை ஏமாற்றி ஏற்றியிருக்கிறார்கள். அப்டேட் தொடர்ந்து வரும் என்று உத்தரவாதம் இல்லை. திரும்ப விண்டோஸ் 10-க்குப் போகலாம் என்றால், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஊர்க் கடைகளின் வங்கி விவரமெல்லாம் என் கையில் இருக்கும்போது இதை எப்படி நம்பிப் பாவிப்பது?

அப்புறம் பற்றரி. கமாண்ட் புரொம்ப்டில் (கட்டளை எழுதும் கறுப்புத் திரை) பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். வடிவமைத்த கொள்ளளவு 48 வாட்-மணி, இப்போது முழுதாக ஏறினாலும் 17 வாட்-மணிதான்.

திரும்பக் கொண்டுபோனேன். “ஸ்டிக்கர் எங்களுக்கு வந்தபடியேதான் இருந்தது, விற்ற சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்” என்றார். பற்றரி மாற்ற இன்னும் 16,000 கேட்டார். பில்லை எடுத்துப் பார்த்தேன். “யூஸ்ட் லப்டொப் - 1”. அவ்வளவுதான். மொடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. என் கையை இறுக்கிக் கட்டியது அந்த ஒற்றை வரிதான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லி, பிறகு எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே காசை எண்ணிக் கொடுக்க முன்னர் மொடல், புரொசெசர் இலக்கம், சீரியல், வொறன்ரி நாட்கள் எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றச் சொல்லி, அரை மணித்தியாலம் அங்கேயே இருந்து ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். நிறையையும் பார்க்கலாம், பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசே போதும்.

அன்று அந்த மேசையில் அதே பளபளப்பு ஸ்டிக்கரோடு இன்னும் நான்கு லப்டொப் இருந்தன. வாங்கப் போகிற பிள்ளைகள் யாருக்காவது தனியாகப் போகத் தயக்கம் என்றால் எனக்கு மெசேஜ் போடுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் கூட வருவேன்.