பழைய ஷ்வின் சைக்கிளா, புது பிரீசர் சைக்கிளா?

கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1976இல் ‘ரீபேக்’ என்ற மலை இறக்கச் சைக்கிள் பந்தயங்கள் தொடங்கியபோது, பலர் ஓட்டியது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கனத்த ஷ்வின் எக்செல்சியர் சைக்கிள்களைத்தான். பழைய சாமான் விலைக்குக் கிடைக்கும், தடித்த டயர், அடி தாங்கும். ஆனால் பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்! சுமார் 1,300 அடி இறங்குவதற்குள் சூட்டில் பிரேக்கிலுள்ள கிரீஸ் புகைந்து போகும். மறுபடி அடைக்க வேண்டும். ‘ரீபேக்’ (மறுபடி அடைப்பது) என்ற பெயரே அதனால்தான் வந்தது.

1977இல், அதே பந்தயங்களில் ஓட்டிய ஜோ பிரீஸ் தன் கையால் செய்த பிரீசர் வேறு ரகம். குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகுச் சட்டம், முழுக்கப் புதுப் பாகங்கள், ஏற்றத்துக்கும் கியர். முதல் தொகுப்பில் பத்துதான் செய்தார்.

ஓட்டக் கேட்டால் பிரீசர்தான், சந்தேகமே இல்லை. கூடிக் கதை பேச மட்டும், சரி, அந்தப் புகைவிடும் ஷ்வின்.